இடது பக்கக் கீழ்த்தாடை

மயிலாத்தாளை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் என் செருப்புச் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் திரும்பினாள், திரும்பும்போதே துண்டின் முனையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். இளநீர் வாங்கி வருகிறேன் என்றேன். துண்டை எடுக்காமலே தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். முப்பத்துநாலு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறாள், நான் அதைத் தடுக்கவில்லை, எனக்கு அது சௌகரியமாக இருந்தது. தெருவில் இறங்கியதும் மூச்சை நன்றாக இழுத்து விட்டேன். இளநீர்க்காரன் சீவிக்கொண்டிருந்தபோது இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சீவட்டும் என்றுகூட நினைத்தேன், ஆடி மாதக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது, எந்த வாசமும் இல்லாத காற்று. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா எங்கள் வாசலில் நின்றிருந்தார். என் கையிலிருந்த இளநீரை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது.

மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கு அவளுக்குத் திதி, இலை போட்டுப் படைக்க வேண்டும், பத்து நாள் தாடியோடு அவள் படத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று பின்கட்டில் குழாயடியில் ஆணியில் கண்ணாடியை மாட்டிவைத்து சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சோப்பு நுரைக்குள் தாடை எலும்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. வயதாக ஆகச் சதை வற்றி எலும்பு வெளியே வருகிறது, இருந்தாலும் எனக்கு அது தோலுக்குள்தான் இருக்கிறது. காதுக்குக் கீழே ஆரம்பித்து ஒரு மடக்கு மடங்கி முகவாய் வரைக்கும் வருகிறது. இந்த இடம்தான் அவளுக்கு. இடது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தின பல். கண்ணாடியில் இடது எது வலது எது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் குழம்புகிறேன், குழம்பிவிட்டு, என் இடது கையால் என் இடது கன்னத்தைத் தொட்டுத் தெளிந்துகொள்கிறேன். சமையலறையில் மகள் தாரணி தாளிக்கிற சத்தம். நேற்றே ஈரோட்டிலிருந்து குழந்தையோடு வந்துவிட்டாள். மாப்பிள்ளை நந்தகோபால் இன்று காலையில் வருவதாகச் சொன்னவர் அரைமணி நேரத்துக்கு முன்னால் போனில் கூப்பிட்டு, சித்தப்பாவும் கூட வருகிறார் என்றார். தாரணி போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள். "அவரு எதுக்கு?" "ஊரை விட்டே போறாரு தாரணி, மைசூர்ல பையன் வீட்டுக்கு. ஆஸ்பத்திரியையும் வித்தாச்சு. போறதுக்கு முன்னாடி அத்தை படத்துக்கு ஒரு பூப் போட்டுட்டு வந்தர்றேங்கறாரு. வயசானவரு, வேண்டாங்கறதா?" "பல்லுப் புடுங்கின கையில பூவா? நல்லாத்தான் இருக்குது. கூட்டிட்டு வாங்க, நானொண்ணும் வாங்கன்னு சொல்லமாட்டேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் சொல்லக் கூடாதுப்பா." நான் சோப்பையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிட்டேன்.

குழந்தைவேலு டாக்டர். மாப்பிள்ளையின் சித்தப்பா. தாராபுரத்தில் முப்பது வருஷமாகப் பல் பார்த்தவர். அவர் கேட்டார். எழுந்ததிலிருந்து இந்த ஒரு சொல்லைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். நகராட்சியில் இருந்தபோது தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை, இரும்புக் கம்பியால் வால்வைத் திருகும்போது சில வால்வுகள் பாதியில் நின்றுவிடும், மேலேயும் போகாது, கீழேயும் வராது, திருகத் திருகக் கைதான் வலிக்கும், அந்த மாதிரி. மயிலாத்தாள் என்னைக் கேலி செய்வாள். "ஊருக்கெல்லாம் தண்ணி தொறந்து விடறவருங்க, வாயைத் தொறக்கறதுக்கு மட்டும் கம்பி வேணும்" என்று என் முன்னாலேயே விருந்தாளியிடம் சொல்வாள். சிரிப்பேன். பேசுகிறவன் இல்லைதான். படிக்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் பம்புசெட்டோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துத்தான் ரிப்பேர் கற்றுக்கொண்டேன், பிறகு பேப்பர், பிறகு மருந்துச் சீட்டு. அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. மார்பில் கட்டி என்று கோயமுத்தூரில் அறுத்தார்கள், ஒரு வருஷம் கழித்து இடுப்பெலும்பில் வந்துவிட்டது என்று அங்கே கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், அதன் பிறகு எலும்புக்கென்று மாதம் ஒரு ஊசி. ஊசி போடத் தொடங்கிய அன்று நர்ஸம்மா ஒரு அட்டை கொடுத்தார். இங்கிலீஷில், சிவப்பு எழுத்தில். பேருந்தில் வரும்போது படித்து மயிலாத்தாளுக்குச் சொன்னேன். எங்களைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது, தாடை எலும்பு ஆறாது. "பல்லுக்கும் இதுக்கும் என்னங்க?" என்றாள். அதையும் விளக்கினேன். இந்த மருந்து எலும்பைக் கெட்டியாக்கிவிடும், ஆனால் காயம் பட்டால் தானாகக் கூடிவருகிற சக்தி அந்த எலும்புக்குப் போய்விடும், தாடையில்தான் அது முதலில் தெரியும், கழுத்தில் கரண்டு வைத்தவர்களுக்கும் அப்படித்தானாம் என்று, எனக்குத் தெரிந்துவிட்டது என்கிற சந்தோஷத்தில், பல்லடம் வரும் வரைக்கும் விளக்கிக்கொண்டே வந்தேன்.

கத்தி புதுசு. வலது பக்கம் வழித்தாகிவிட்டது. காது வரைக்கும் சுத்தம். தண்ணீரில் கத்தியைக் கழுவும்போது பழனி ஞாபகம் வருகிறது, வரக் கூடாது என்று நினைத்தால் முதலில் அதுதான் வரும். கட்டிக்கென்று மருந்து ஏற்றியதில் அவளுக்கு முடி கொட்டத் தொடங்கியது. தாரணிக்கு அப்போதுதான் வரன் பேசிக்கொண்டிருந்தோம். பெண்ணுக்கு அம்மா வழியில் இந்த வியாதி என்று தெரிந்தால் எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைக் கையில்கூட வாங்கமாட்டார்கள், கல்யாணம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது என் ஏற்பாடு. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியாகிவிட்டது. முடிக்கு? பழனிக்குப் போய் இரண்டு பேரும் மொட்டை அடித்துக்கொண்டோம். பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டுதல் என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள். நானும் அடித்துக்கொண்டது பொய்க்கு முட்டுக்கொடுக்கத்தான். மலையிலிருந்து இறங்கும்போது கடைக் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மயிலாத்தாள் நின்று நின்று சிரித்தாள். "ஏனுங்க, தேங்காக் கடையில ரெண்டு ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்கறமுங்க." தாரணி மட்டும், "சொல்லிரலாம்பா, கட்டறதுன்னா தெரிஞ்சு கட்டட்டும்" என்றாள். உனக்குத் தெரியாது கண்ணு, சும்மா இரு என்றேன். அவளும் சும்மா இருந்தாள். நான் சொன்னால் கேட்கிற பிள்ளை. நான் சொன்னதையெல்லாம் நம்புகிற பிள்ளை.

கார் வந்து நிற்கிறது. முன்பக்கக் கதவு. மாப்பிள்ளையின் குரல், பிறகு இன்னொரு குரல், முன்னைவிட மெலிந்து, "சம்பந்தி இருக்கறாருங்களா?" "பின்னாடி இருப்பாருங்க, உக்காருங்க சித்தப்பா" என்று மாப்பிள்ளைதான் சொல்கிறார். நாற்காலி இழுபடுகிறது. காது முழுக்க முன்பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் வீடுகளில் ஆகாதவன் வந்தாலும் முதலில் ஒரு வாங்க, பிறகு ஒரு சொம்பு தண்ணீர், அதற்கப்புறம்தான் சண்டைகூட. வாங்க வரவில்லை. சமையலறையில் கரண்டியைப் பாத்திரத்தில் தட்டுகிற சத்தம் தேவைக்கு மேலே கேட்கிறது. நான் போகலாம். போய் வாங்க என்று சொல்லலாம். முகத்தில் பாதி நுரை இருக்கிறதே, இப்படியா போவது, முடித்துவிட்டுப் போவோம். நுரை காய்ந்துவிட்டது என்று மறுபடியும் பிரஷ்ஷை நனைக்கிறேன். இப்படித்தான் அன்றைக்கும் ஏதோ ஒரு சாக்கு கிடைத்தது. ஏதாவது ஒன்று கிடைத்துவிடும் எனக்கு.

அன்றைக்கு என்பது நிச்சயதார்த்தத்துக்கு எட்டு நாள் முன்னால். மயிலாத்தாளுக்குப் பல் வலி வந்து முகம் ஒரு பக்கம் வீங்கிவிட்டது. நிச்சயத்துக்கு ஏற்பாடு பேச வந்த சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டார். "அட, நம்மூட்டுலயே டாக்டர் இருக்கறப்ப இப்படி உக்காந்திருக்கறீங்களே, எந்திரீங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் கோயமுத்தூருக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சம்பந்தியம்மா பக்கத்தில் இருக்கும்போது எப்படிப் பண்ணுவது. டாக்டர் உள்ளே கூப்பிட்டார். சம்பந்தியம்மா திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரிடமோ போனில் பந்திக்கு என்ன இனிப்பு என்று பேசிக்கொண்டிருந்தார். இதைத்தான் நான் மறுபடி மறுபடி போய்ப் பார்க்கிறேன். திரை மூடியிருந்தது. வெளியே பேச்சுச் சத்தம் இருந்தது. டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். "சுகர், பிரஷர் ஏதாச்சும் இருக்குதுங்களா? வேற ஏதாச்சும் வைத்தியம், ஊசி, மருந்து? எதுன்னாலும் சொல்லிருங்க, பல்லுக்கு அது முக்கியமுங்க." மயிலாத்தாள் நாற்காலியில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள். நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்கிற பார்வை. நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஒரு தாளில் எழுதியிருக்கலாம், எழுதத் தெரிந்தவன்தானே. டாக்டர், இந்த அம்மாவுக்கு ஊசி போட்டிருக்கிறோம், வெளியே இருக்கிற அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் ரகசியத்தைக் காப்பாற்றியிருப்பார், இன்றைக்கு எனக்கு அது தெரியும், அன்றைக்குத் தெரியாது, தெரியாது என்பதும் பொய், யோசிக்கவே இல்லை. "ஒண்ணுமில்லீங்க. கால்சியம் மாத்திரைதான் போடறா." அவர் சீட்டில் இங்கிலீஷில் ஒரு சொல் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் படித்துவிட்டேன். இல்லை என்று எழுதியிருந்தார். மயிலாத்தாள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே விளக்கைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அது மூடவில்லை. பல் போன குழி. பத்து நாளில் மூட வேண்டியது, கல்யாணத்தன்றும் மூடவில்லை. கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் அவள் உதட்டை ஒட்டவைத்துத்தான் சிரிக்கிறாள், மாப்பிள்ளையின் அக்கா, அத்தைக்கு வெட்கத்தைப் பாருங்க என்று கேலி செய்தாள். விருந்தில் வலது பக்கமாகவே ரசம் சோறு இரண்டு வாய். அப்புறம் ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னாள், நாக்கில் ஏதோ குத்துகிறது என்றாள். ஈறுக்கு நடுவில் எலும்பு வெளியே தெரிந்தது. ஊறவைத்த பச்சரிசி நிறம். உயிரோடு இருக்கிற ஒருத்தியின் எலும்பை அப்படிப் பார்க்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், சீழ் வந்தது, முகவாய்க்குக் கீழே தோலில் ஒரு ஓட்டை விழுந்து அதன் வழியாகவும் வந்தது, கூழைத் தவிர எதுவும் இறங்கவில்லை. வாசம். நான் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டேன். எனக்குக் காற்று வேண்டும் என்றேன். அவள் சரிங்க என்றாள். அடுத்த நாள் அவளாகவே தலையணையை எடுத்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குப் போய்விட்டாள், அங்கே வெயில் நல்லா வருதுங்க என்றாள். அங்கே வெயிலே வராது. வடக்குப் பார்த்த அறை. அவளும் ஒரு பொய் சொன்னாள், ஆனால் அவள் பொய்யில் எனக்கு நல்லது இருந்தது.

ஸ்ஸ். வெட்டிக்கொண்டேன். முகவாய்க்குக் கீழே. நுரை சிவப்பாகிறது. படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறேன், எரிகிறது, இரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும், நாளைக்குப் பொருக்குத் தட்டும், நாலாம் நாள் இருந்த இடம் தெரியாது. உடம்பு என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும். முன்பக்கத்தில் டாக்டர் இருமுகிறார். வறட்டு இருமல். தண்ணீர் கேட்கமாட்டார், அவர் அப்படிப்பட்டவர்தான். கோயமுத்தூரில் பெரிய டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு நிமிர்ந்தார். "யார் புடுங்கினது? மருந்து விவரம் கேக்காமயா புடுங்கினார்?" தாரணி என் பக்கத்தில் நின்றிருந்தாள், கல்யாணமாகி நாலு மாதம், கழுத்தில் புதுத்தாலி. மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, அவர் ஒன்றுமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மாமா முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார், அவ்வளவுதான், எதற்காக அத்தனையும் மறைத்தேனோ அது ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. பெரிய டாக்டர் பதிலுக்குக் காத்திருந்தார். மயிலாத்தாள் என்னைப் பார்க்கவில்லை, இந்தத் தடவை பார்க்கவே இல்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். "அவரு ஒண்ணும் கேக்கலைங்க."

முதல் பொய்யைக்கூடப் பெண்ணுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். இது எனக்காக. மூன்றே சொல். அதைக் கேட்டுக்கொண்டு தாரணி அன்று சாயங்காலமே அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போது, "ஒரு வார்த்தை கேக்கறதுக்கு வாயில்லீங்களா உங்களுக்கு? படிச்சுத்தான் டாக்டரானீங்களா?" என்று கத்திவிட்டு வந்தாள். அவர் மேஜையில் சீட்டு அடுக்கு இருந்திருக்கும். எடுத்துக் காட்டியிருக்கலாம். உங்கப்பா சொன்னதை நான் எழுதியிருக்கிறேன் அம்மிணி என்று சொல்லியிருக்கலாம். நின்று கேட்டுக்கொண்டாராம், கையைத் துடைத்துக்கொண்டாராம், அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாராம். "அதையும் கேக்கறான் பாருங்கப்பா" என்று என்னிடம் வந்து அழுதாள், நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால். அதற்கப்புறம் அவர் பல் பிடுங்குவதையே விட்டுவிட்டார் என்று மாப்பிள்ளை சொன்னார், யாராவது வந்தால் வேறு இடத்துக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவாராம், கை நடுங்குது என்கிறாராம். பேரனுக்குக் காது குத்தியபோது பங்காளி எல்லோருக்கும் சொன்னார்கள், அவருக்குச் சொல்லவில்லை. தாரணி சொல்லவிடவில்லை. நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மயிலாத்தாளிடம் ஒரே ஒரு தடவை, அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்த சமயம், தாரணிகிட்ட நீ ஏதாவது சொன்னியா என்று கேட்டேன். பயந்துதான் கேட்டேன். பேச முடியாதபோது எழுதிக்காட்ட வைத்திருந்த சிலேட்டை எடுத்து எழுதினாள். எழுதிவிட்டு, நான் படித்ததும், தன் கையாலேயே அழித்தாள். நீங்க சொல்லுங்க என்று எழுதியிருந்தாள். சொல்லிவிடுங்கள் என்றா, உங்கள் பாடு என்றா. மூன்று வருஷமாக அதை இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எப்படிப் படித்தாலும் சொல்ல வேண்டியவன் நான்தான் என்றே வருகிறது.

"மாமா, சித்தப்பா கெளம்பறேங்கறாருங்க." மாப்பிள்ளை பின்கட்டு வாசலில் நிற்கிறார். "பூப் போட்டுட்டாரு. தாரணி வெளியவே வரல. நீங்களாச்சும் ஒரு எட்டு வந்து..." பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறார். "ரத்தம் வருதுங்களே." "வரட்டும்." கிளம்பிவிட்டேன். கிளம்பியது நானா கால்களா என்று தெரியவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையைத் தாண்டும்போது, "தாரணி, இங்க வா சாமி" என்றேன். "எதுக்குப்பா?" "வா." கரண்டியோடு வந்தாள். டாக்டர் கூடத்தில் நின்றிருந்தார், செருப்பைத் தேடிக்கொண்டு, தோள் எலும்பு சட்டைக்குள் குச்சியாக, நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். என் முகத்தில் பாதி நுரையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா என்று தெரியாமல், "பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றார். நான் அவரைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தாரணியின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துச் சொன்னேன். "அன்னைக்கு இவரு கேட்டாரு கண்ணு. வேற வைத்தியம், ஊசி ஏதாச்சும் உண்டான்னு கேட்டாரு. நாந்தான் ஒண்ணுமில்லைன்னேன்." "விடுங்க சம்பந்தி, திதி நாளும் அதுவுமா எதுக்குங்க" என்று டாக்டர் அவசரமாகச் சொன்னார், தப்பை அவரே செய்தது மாதிரி. "விடறதுக்கில்லீங்க. கோயமுத்தூர்ல கேக்கலைன்னு சொன்னதும் பொய்." தாரணி டாக்டரைப் பார்த்தாள், பிறகு என்னை. "அம்மா அங்க இருந்தாங்களா?" "இருந்தா." "அம்மா எதுவும் சொல்லலயா?" "என்னையப் பார்த்தா." "நீங்க?" "சீட்டுல அவரு எழுதறதைப் பார்த்துட்டிருந்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். கரண்டியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து டாக்டரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள், "வாங்க மாமா" என்றாள், மூன்று வருஷம் தாமதமாக, குரல் உடைந்து. அவர் வாங்கிக் குடித்தார், குடிக்கும்போது சொம்பு பல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது, கை நிஜமாகவே நடுங்குகிறது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒரு மனுசனை அவரு ஆஸ்பத்திரியிலயே நாலு பேரு முன்னால நிக்க வெச்சு நான் பேசினதெல்லாம் தெரிஞ்சும், என் தலையத் தடவிக் குடுத்தீங்களேப்பா." அவள் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள், மாப்பிள்ளையைப் பார்த்து வண்டியை எடுங்க என்றாள். "இலை போடலயே, தாரணி" என்றார் அவர். "போடறவங்க போட்டுக்கட்டும்." மாப்பிள்ளை சித்தப்பாவைப் பார்த்தார், வாங்க போலாம் என்பது போல. டாக்டர் தலையை ஆட்டினார். "நீ புள்ளையைக் கூட்டிட்டுப் போ. நான் இலை போட்டப்பறமா பஸ்ல வந்துக்கறேன்." கார் கிளம்பித் தெரு முனை திரும்புகிற வரைக்கும் சத்தம் கேட்டது. அவர் நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் இப்போது அவரும் நானும்தான் இருக்கிறோம்.